வாய்க்காலடிப் போத்தல்

பசித்தால் ஒளிவிடும் உயிர் ஒன்றை ஆய்வுகூடத்தில் வளர்க்கிறேன் என்று நான் சொன்னபோது என் மூத்த சகோதரி ராத்தா சிரிக்கவில்லை. மகளுக்குத் தலை வாரிக்கொண்டே, "அப்பெண்டா இந்த மாசம் நம்மட வீட்டுக்குக் கரண்டே தேவப்படாது" என்றாள்.

மச்சானுக்கு அது கேட்டிருக்கும். வாசலில்தான் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்தாவைக் கல்யாணம் முடித்துப் பாலமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குரியது. ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்த வீட்டின் முன்பகுதியில் அவர்கள் இருந்தார்கள். வாப்பாவும் உம்மாவும் நானும் பின்பக்கத்து அறைகளுக்கு ஒதுங்கிக்கொண்டோம். குசினி ஒன்று. கிணறு ஒன்று. பிரிட்ஜும் ஒன்றுதான், அந்தப் பிரிட்ஜ் இந்தக் கதையில் பிறகு வரும்.

மச்சான் களப்பில் மீன்பிடித் தொழில் செய்தவர். கடலுக்குப் போகும் ஆட்கள் களப்புக்காரரைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை. இறால், நண்டு, கெளிறு என்று ஏதோ ஒன்று ஒவ்வொரு காலையும் அவருடைய ஐஸ் பெட்டியில் இருக்கும். ஊருக்கும் வயல்வெளிக்கும் நடுவில் கடலோரத்து உப்பேரியாக நீண்டு கிடக்கிறது எங்கள் களப்பு. மேற்கே வயல்களின் வடிச்சல் வாய்க்கால் வந்து விழும். கிழக்கே ஊர் வாய்க்கால் வந்து விழும். மழைக்காலத்தில் மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவார்கள். அப்போது எல்லாம் கடலுக்குப் போய்விடும். மற்ற மாதங்களில் வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே கிடக்கும்.

மழையில்லாத மாதங்களில் நெல் விதைக்கும் ஒரு சிறுபோகத்தில்தான் அது நடந்தது. தண்ணீர் முதலில் பாசி நிறமாகி, பிறகு பச்சைப் பெயின்ற் கரைத்தது போலத் தடித்தது. ஒரு காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையெல்லாம் கிடந்தன. நாற்றம் பள்ளிவாசல் வரைக்கும் வந்தது. அதன்பிறகு சந்தையில் களப்பு மீனை ஒருவரும் தொடவில்லை. கடலில் பிடித்த மீனைக்கூட மணந்து பார்த்துத்தான் வாங்கினார்கள்.

வயலுக்குப் போடும் பசளைதான் காரணம் என்று களப்புக்காரர் எல்லாரும் சொன்னார்கள். பசளை தண்ணீரில் கரைந்து வந்து பாசிக்குத் தீனியாகிறது. பாசி பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரில் மீனுக்கு மூச்சு இல்லாமல் போகிறது. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் சொறிக்கல்முனைப் பக்கத்தில் எங்கள் வாப்பாவுக்கு வயல் இருந்தது. அவருடைய வடிச்சல் தண்ணீர் விழுவது மச்சானின் களப்பில்.

மாமனும் மருமகனும் கத்திச் சண்டை பிடித்திருந்தால் அடுத்த நாளே சரியாகியிருக்கும். இவர்கள் ஒரே ஒரு தடவைதான் கதைத்தார்கள். ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மச்சான் தட்டைப் பார்த்தபடியே, "மாமா மூட மூடையாக் கொட்டுறது வயலுக்குள்ள இல்ல, என்ட வலைக்குள்ள" என்றார்.

வாப்பா கறிக்கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் பசள போடாட்டி நீங்க இஞ்ச திண்ட சோறு எங்கரிந்து வந்த மருமகன்?"

பெண் வீட்டில் வாழும் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொல் அது. உம்மா உடனே வேறு கதை தொடங்கினார். மச்சான் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் சோறு சாப்பிடவில்லை. கடையில் ரொட்டி வாங்கி முன்விறாந்தையில் இருந்து சாப்பிட்டார். உம்மா சோற்றை மூடி வைப்பார். பின்னேரம் அது கோழிக்குப் போகும். வாப்பா முன்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அவர்களுக்கு இடையில் அவசியமான சொற்கள் என் வழியாகப் போய்வந்தன.

சில கிழமைகளில் மச்சானின் பாஸ்போர்ட் முகவரிடம் போனது. கத்தாரில் ஏதோ கம்பனி. ராத்தா பிள்ளைக்குத் தலை வாரும் நேரம் கூடிக்கொண்டு போனது. நான்தான் போய்க் கேட்டேன். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைப்போம்.

"வயல்தான் காரணமெண்டா நான் போறன் மச்சான்," என்றார். "போகத்துக்குப் போகம் அவர் போடத்தான் போறார். மறிக்கேலா. வேறென்னவுமெண்டாப் பாப்பம்."

அந்த 'பாப்பம்' எனக்குப் போதுமாக இருந்தது. எந்த நூலைப் பிடித்தாவது ஏறிவிடலாம் என்று நம்பும் ஆள் நான். என் கையில் நூல் இருந்தது.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் உதவியாளனாக இருந்தேன். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து, எங்கள் பேராசிரியர் சேர் நீண்டகாலம் அனுமதிக்காக அலைந்து, நீலப்பச்சை அல்கா என்னும் பாசி ஒன்றை வரவழைத்திருந்தார். களப்பில் பச்சையாகப் பெருகும் அதே சாதிதான். ஆனால் உள்ளே ஒரு மாற்றம். கடலில் ஒளிரும் பற்றீரியா ஒன்றின் பரம்பரையலகை, அதாவது ஜீனை, எடுத்து இதற்குள் வைத்திருந்தார்கள், பசளையில் இருக்கும் பொஸ்பேற்றுக்குப் பசிக்கும்போது மட்டும் அது வேலை செய்யும் விதமாக. தண்ணீரில் அதற்குத் தேவையான பொஸ்பேற்று கிடைக்காவிட்டால் ஒளிவிடும். வயிறு நிறைந்தால் இருட்டு. கண்ணுக்குத் தெரியும் அளவு ஒளி அல்ல. இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால் கருவி எண்ணிச் சொல்லும். முதல் தடவை அந்த எண் ஏறியதைப் பார்த்தபோது நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு துளி உயிர் எனக்குப் பசிக்கிறது என்கிறது, அதை நாங்கள் கேட்கிறோம்.

கரையில் நின்று அள்ளிய தண்ணீரில் இரசாயனப் பரிசோதனையை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தேன். வயல் பக்கத்துத் தண்ணீரில்தான் பொஸ்பரசு அதிகம் என்று அது சொன்னது. மச்சானும் அந்த எண்ணைப் பார்த்தார். ஆனால் அந்தப் பரிசோதனையில் தண்ணீரை அமிலம் விட்டுக் காய்ச்சி, சேற்றோடு ஒட்டியிருப்பதையும் சேர்த்துப் பிரித்தெடுத்து எண்ணுகிறோம். வீட்டில் எத்தனை மூடை நெல் இருக்கிறது என்று பார்ப்பது போல அது. மூடை நெல்லை யாரும் அள்ளித் தின்ன முடியாது. சகனில், சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டில், வந்த சோற்றைத்தான் தின்னலாம். பாசியின் சகனில் என்ன இருக்கிறது என்று பாசியைத்தான் கேட்க வேண்டும். மச்சானிடம் இதைச் சொன்னேன். "தோணிய எடுக்கிறன்" என்றார்.

இதற்குள் ஊரில் கதை வேறு மாதிரிப் போய்விட்டது. நான் களப்பில் கிருமி விடுகிறேனாம். தேத்தண்ணிக் கடையில் எனக்குக் 'கிருமி டொக்டர்' என்று பெயர். 'டொக்டர், இந்தப் பிளேன்ரிக்குள்ள எத்தின கெடக்கு, எண்ணிச் சொல்லுங்களன்' என்று பால் விடாத தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவார்கள். அந்த உயிர் ஆய்வுகூடக் கதவைத் தாண்டாது, வேலை முடிந்ததும் கொன்றுதான் வெளியே போடுவோம், தண்ணீர்தான் அதனிடம் போகிறது என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. உம்மாவின் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவர் என்னிடம் கேட்கவில்லை.

முதல் தடவை போனபோது மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தோம்: வயல் வாய்க்கால் விழும் இடம், களப்பின் நடு, ஊர் வாய்க்கால் விழும் இடம். மச்சான் கம்பை ஊன்றித் தள்ளினார். அவர் தொழிலுக்காக அல்லாமல் தோணியில் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். வலை இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி இருந்தார். அடுத்த நாள்தான் பல்கலைக்கழகம் திறக்கும் என்பதால் போத்தல்களைப் பழைய துணியில் சுற்றி வீட்டுப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு போத்தலின் தண்ணீரிலும் இரண்டு வகை உயிரை விட்டோம். ஒன்று நான் சொன்ன பசிக்காரன். மற்றது காவலாள்: பசித்தாலும் நிறைந்தாலும் அது ஒளிவிட்டுக்கொண்டே இருக்கும், உயிரோடு இருக்கும்வரை. இருட்டு என்பது வயிறு நிறைந்த இருட்டா, செத்த இருட்டா என்று பிரித்தறியத்தான் அது.

வயல் பக்கத்துத் தண்ணீரில் பசிக்காரன் ஒளிவிட்டது. எண் ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பொஸ்பரசு உள்ள தண்ணீரில் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் செம்மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. நடுக்களப்பில் ஒளி மங்கல். ஊர் வாய்க்காலடிப் போத்தலில் முழு இருட்டு. பாசிக்குத் தீனி ஊர்த் தண்ணீர்தான் என்று வீட்டுக்குச் சொல்லக் கைபேசியை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் போத்தலின் காவலாளைப் பார்த்தேன். அதுவும் இருட்டு.

ஏதோ ஒன்று அவற்றைக் கொன்றிருக்கிறது. பூச்சிமருந்தா, ஏதாவது பட்டறைக் கழிவா என்று சேரும் நானும் பின்னேரம் வரை தலையைப் பிய்த்துக்கொண்டோம். அந்தப் போத்தலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றமுன் உம்மா கேட்டார்: "என்ன மகன், கிருமி செத்திச்சா?"

குரலில் ஒரு திருப்தி. நான் அப்படியே நின்றேன்.

அந்த நாறிய போத்தல் பிள்ளையின் பால் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. கிருமித் தண்ணீர் என்றுதான் ஊர் சொல்கிறது. உம்மா மூடியைத் திறந்து, நிலம் துடைக்கிற மருந்தில் இரண்டு மூடி ஊற்றி, குலுக்கி, திரும்பவும் துணியால் சுற்றி வைத்துவிட்டார். மற்ற இரண்டும் நாறவில்லை, அதனால் தொடவில்லை. வாய்க்கால் நாற்றத்துக்குள் அந்த மருந்தின் வாசம் எங்களுக்குப் பிடிபடவில்லை.

"பிஸ்மில்லாச் சொல்லித்தான் ஊத்தின," என்றார், நான் அதைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன் என்பது போல.

முதலில் ராத்தாதான் வெடித்தாள். சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். முன்விறாந்தையில் மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பின்னறையிலிருந்து வாப்பா இருமினார், இருமலுக்குள் எதையோ விழுங்கினார். பல கிழமைகளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே விஷயத்துக்கு எல்லாரும் சிரித்தது அன்றுதான். உம்மாவுக்கு மட்டும் ஏனென்று விளங்கவில்லை.

சிரிப்பு முடிந்தபோது மச்சான் கைபேசியை எடுத்துக் காட்டினார். விசா வந்துவிட்டது என்று முகவர் அனுப்பியிருந்தார்.

ஆய்வுகூடத்தில் உயிரைப் புதிதாக வளர்த்தெடுக்க நாள் பிடிக்கும். அதை அவசரப்படுத்த முடியாது; தன் பாட்டில்தான் பெருகும். நான் அந்த நாட்களில் சாப்பிட்டது, தூங்கியது ஒன்றும் நினைவில்லை. வளர்ப்புக் குடுவையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, பச்சை போதுமா, இன்னும் ஒள்ளுப்பம் வேணுமா என்று சேரைத் துளைத்தது மட்டும் நினைவிருக்கிறது. போகும் நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். சரியான விடை கிடைத்தால் அவர் நின்றுவிடுவார். விடை பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் தடவைக்கு மச்சான் தானாகவே ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தார். மீன் காணாமல் காய்ந்து கிடந்த பெட்டி. கழுவி, ஐஸ் போட்டு, "இனி மாமிக்கும் பயமில்ல" என்றார்.

வயல் பக்கமும் நடுவும் சீக்கிரம் முடிந்தன. ஊர் வாய்க்கால் விழும் இடத்தில் அவர் வழமையாக மூக்கைப் பொத்திக்கொண்டு தோணியைத் திருப்பிவிடுவார். அன்று கம்பை ஊன்றி நிறுத்தினார். சவர்க்கார நுரை ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. மீன் வெட்டும் இடத்துக் கழிவு, அரிசி கழுவிய வெள்ளைத் தண்ணீர், நிரம்பி வழியும் மலசலகூடக் குழிகளின் கசிவு, எல்லாம் ஒன்றாகக் கறுத்து வந்து பச்சைத் தண்ணீரில் கலந்தது. நான் போத்தலை அதே தண்ணீரில் அலசி நிரப்பினேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தை வீதி, மதகு, பள்ளிவாசல் மதில், எங்கள் வீட்டு ஒழுங்கை என்று அது வரும் வழியை அவர் கண் பின்னால் தேடிக்கொண்டு போனது எனக்குத் தெரிந்தது.

"இதுக்குள்ள நம்மட குசினித் தண்ணியும் வருது என்ன?"

"ஓம் மச்சான்."

அவர் கம்பை இழுத்துத் தோணியைத் திருப்பினார்.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் வாய்க்காலடிப் போத்தலின் காவலாள் நன்றாக ஒளிவிட்டது. உயிரோடு இருக்கிறது. பசிக்காரன் இருட்டு. அதற்குப் பக்கத்தில் வயல் தண்ணீரில் பசிக்காரன் முன்போலவே ஒளிவிட்டது. சேர் எண்களை இரண்டு தடவை பார்த்தார். இந்தப் பருவத்துக்கும் இந்தத் தண்ணீருக்கும் மட்டும்தான் இது, அதற்குமேல் சொல்லிவிடாதே என்று எச்சரித்தார். பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வாப்பாவின் முகம் மலர்வதையும், மச்சான் முகவருக்கு அழைப்பதையும் பஸ் ஜன்னலிலேயே பார்த்துவிட்டேன்.

முன்விறாந்தையில் வைத்துச் சொன்னேன். மூடை நெல், சகன் சோறு என்று மறுபடியும் விளக்கினேன். களப்புப் பாசி இப்போது தின்றுகொண்டிருப்பது ஊரின் தண்ணீரை என்றேன். வாப்பா கதவு நிலையில் வந்து நின்றிருந்தார். அவ்வளவு நாளும் வராத இடம்.

அவர் முகம் மலரவில்லை. "அப்ப நான் போட்டதில ஒண்டுமே களப்புக்குப் போகல்லையா?" என்றார்.

பொய் சொல்ல முடியவில்லை. "போகுது வாப்பா. சேத்தோட ஒட்டிக்கிட்டுப் போய் அடியில கெடக்கு. இப்ப அதத் திங்கேலா. மறுகா எண்டைக்காவது விட்டாலும் விடும்."

வாப்பா தலையாட்டினார். கேட்டது தன் வயலின் விலை என்பது போல, மெதுவாக.

நான் மச்சானைப் பார்த்தேன். வயல் இல்லையென்றால் பாப்பம் என்று சொன்னவர் அவர்.

"போறனெண்டு சொன்னன்தான். ஆனா வயலெண்டா மாமாவோட கோவிச்சிக்கிட்டாவது இஞ்ச இரிந்திருப்பன்," என்றார். "இது ஊரு முழுக்க மச்சான். நான் ஆரோட கோவிக்கிற? மாமிட பீங்கான் கழுவின தண்ணியோடயா?"

ராத்தா உள்ளே போய்விட்டாள். வாய்க்காலைத் திருத்தலாம், பள்ளிவாசல் நிருவாகத்தோடு கதைக்கலாம், குழிகளைச் சரியாகக் கட்டலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம், செய்யோணும்" என்றார். அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் பிந்தி உறைத்தது. விடை கிடைத்தால் அவர் நிற்பார் என்று நினைத்தேன். கிடைத்த விடை, அவர் நிற்பதற்கு ஊர் முழுவதும் மாற வேண்டும் என்றது.

போகும் நாள் பகலில் பாலமுனையிலிருந்து அவருடைய ஆட்கள் வந்தார்கள். விறாந்தையில் பாய் விரித்துச் சகன்கள் வைத்தோம். ஒரு சகனைச் சுற்றி இருப்பவர்கள் ஒரே தட்டில்தான் கையிட வேண்டும். மச்சான் இருந்த சகனில் ஓர் இடம் காலியாக இருந்தது. சோறு வாப்பாவின் வயல் நெல். எல்லாருக்கும் அது தெரியும். மச்சான் கையைக் கழுவிவிட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வாப்பா வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். இறைச்சியில் நல்ல துண்டைப் பிய்த்து மருமகன் பக்கமாகச் சோற்றின் மேல் தள்ளி வைத்தார்.

"திண்ணுங்க மருமகன்," என்றார். "இது நம்மட சோறு."

மச்சான் சாப்பிட்டார். குனிந்தபடி, சகன் வழிக்கும்வரை சாப்பிட்டார். உம்மா குசினிக் கதவில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாகனம் வந்தபோது மாமனும் மருமகனும் கட்டித் தழுவி முஆனகா செய்தார்கள். வாப்பா காதில் ஏதோ சொன்னார். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

நான் இப்போதும் அந்த மூன்று இடங்களிலும் தண்ணீர் எடுக்கிறேன். மச்சானின் தோணியை வாப்பா தள்ளுகிறார். வயல்காரர் தள்ளும் தோணி எங்கே போகும் என்பது தோணிக்கே தெரியாது; கரையில் நிற்பவர்கள் பகிடி பண்ணுவார்கள், வாப்பா அவர்களுக்குக் கைகாட்டுவார். எங்கள் குசினித் தண்ணீர் பின்வளவில் வெட்டிய குழிக்குப் போகிறது. ஒழுங்கையில் இன்னும் இரண்டு மூன்று வீட்டார் அப்படிச் செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டு, நல்ல யோசனை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பள்ளிவாசல் நிருவாகம் கூட்டம் போட்டுக் கதைத்தது. திரும்பவும் கதைக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் மச்சான் அழைப்பார். முதலில் பிள்ளை, பிறகு ராத்தா, உம்மா, வாப்பா என்று கைபேசி வீடு முழுக்கச் சுற்றிக் கடைசியில் என்னிடம் வரும். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார், பக்கத்துக் கட்டிலில் யாராவது தூங்குவார்கள் போலும்.

"வாய்க்காலடிப் போத்தல் என்ன மச்சான்?"

"இருட்டுத்தான் மச்சான்."

"காவலாள் எரியுதா?"

"எரியுது."

"சரி," என்பார். ஆனால் உடனே வைக்கமாட்டார். அவருடைய பக்கத்தில் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல் கேட்கும். என்னுடைய பக்கத்தில் வாப்பா வந்து நின்று, அடுத்த தடவை எப்போது போகிறோம் என்று கையால் கேட்பார்.